ரெண்டு சத்தம் கேட்டா லேட்டுடா

டேய் மாப்ள,

எப்டிடா இருக்க, அப்பா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சிட்டாருன்னு தங்கச்சி சொல்லுச்சு, சந்தோஷம். இங்க சேலத்துல வெயில் மண்டைய பொளக்குது. அம்மாபேட்டை மாடில சண்டை பழகற கிளாஸ் மட்டும் விடாம போயிட்டிருக்கேன்.

போன வாரம் உதடு கிழிஞ்சிடுச்சுடா. காலேஜ் பையன் ஒருத்தன், ஸ்பேரிங்ல, அதான் ஜோடி போட்டு அடிச்சுப் பழகறப்ப, ஜாப் விட்டான், முன் கையால நேரா விடற குத்து, நான் நம்ம பழைய சார் சொல்லிக்குடுத்த மாதிரியே கைய வீசி தடுத்துட்டு குத்த இடுப்புக்கு இழுக்கறேன், அதுக்குள்ள அவனோட ரெண்டாவது குத்து வந்து உக்காந்துடுச்சு. ஞாபகம் இருக்கா, ஒன்னுன்னா தடுப்பு, ரெண்டுன்னா குத்துன்னு எண்ணுவாரே? நாம ரெண்டு எண்ற வரைக்கும் எதிராளி என்ன டீ குடிச்சிட்டா நிப்பான்?

அப்புறம் அந்தப் பையனே சொல்லிக்குடுத்தான். ஜாப் வரப்ப வலது உள்ளங்கைய தாடை பக்கத்துலயே வச்சு பந்து புடிக்கற மாதிரி வாங்கிக்கணும், அதே நேரத்துல நம்ம இடது ஜாப் கெளம்பிடணும். ரெண்டு கிளவுஸ் சத்தமும் ஒன்னா "டப்"னு கேக்கணும், தனித்தனியா கேட்டா நாம லேட்டு. நூறு தடவையாச்சும் பண்ணிருப்பேன், ஒன்னா கேட்டது ஒரு இருபது இருக்கும். பாதில ஆர்வக்கோளாறுல அவன் கைய புடிக்க முன்னாடி எட்டிப் போனேன், சும்மா ஜாப் மாதிரி பாவ்லா காட்டிட்டு தொறந்து கெடந்த அந்தப் பக்கம் கைய வளைச்சு ஒரு ஹூக் குத்து வச்சான் பாரு, காது அன்னிக்கு பூரா ரீங்காரம்.

நைட்டு 2012 பாக்கியாவ் - மார்க்கேஸ் பாக்ஸிங் ஃபைட்ட மறுபடி போட்டுப் பாத்தேன். ஆறாவது ரவுண்டு முடியப் போற நேரம், பாக்கியாவ் அடிக்க உள்ள வர்றாரு, மார்க்கேஸ் பின்னால ஓடல, அவர் வர்ற வழியிலயே வலது கைய நீட்டிட்டாரு, வந்த வேகமும் சேந்துக்கிச்சு, ஆளு குப்புற விழுந்துட்டாரு.

ஞாயித்துக்கெழம பைக்ல ஏற்காடு போறப்ப அடிவாரத்துல ஒரு பெரியவர் பசங்களுக்கு சிலம்பம் சொல்லிக்குடுத்துட்டு இருந்தாரு, வண்டிய ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்னுட்டேன். கம்போட ஒரு முனை எதிர் கம்ப தள்ளி விடறப்பவே மறு முனை வெலாவுக்குப் போயிடுதுடா, காலடியும் நேரா பின்னால போகல, பக்கவாட்டுல வெலகுது. இத இங்கயே வச்சிக்கிட்டு நாம எங்க எங்கயோ தேடிட்டு இருந்துருக்கோம். 20 கொண்டை ஊசி வளைவும் அதே நெனப்புலதான் ஏறுனேன்.

அதுக்காக தடுப்பே வேஸ்ட்டுன்னு சொல்லல. தொடைக்கு லோ கிக் வந்தா தடுப்பும் அடியும் ஒரே நேரமெல்லாம் எனக்கு வராது, மொழங்கால தூக்கி வாங்கி, கால் தரைல படறப்பவே திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்.

அடுத்த மாசம் வா, மவுத் கார்டு எடுத்துட்டு வா, என்னோடத குடுக்க மாட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட்டு சாப்டலாம், இப்ப கார சட்னி பட்டா உதடு எரியுது, தேங்கா சட்னி மட்டும் வச்சு ஓட்டிட்டு இருக்கேன்.

உன் மாப்ள