அந்தக் கல்லைக் கழுவுகிறவர்

திருவொற்றியூர்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரையை அப்பா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். காட்சிக்கூடத்தில் நீ பார்த்த, ஜெர்மன் கலைஞர் வுல்ஃப்காங் லைப் செய்த பால்கல்லைப் பற்றி எழுதிக்கொண்டே வந்து, "இது எங்கள் ஊர்ப் பாலாபிஷேகம்தான்" என்று முடித்துவிட்டாய். அங்கே உன் ஆசிரியர்களுக்கு அது பிடிக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை கண்ணு.

நீ எழுதியதை வைத்தே சொல்கிறேன். வெள்ளைச் சலவைக்கல் பலகை, மேல்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு பள்ளம், அதில் விளிம்புவரை பால். கல் எது, பால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவப் படிப்பை 1974-இல் முடித்தவர், வைத்தியம் பார்க்கப் போகாமல் அடுத்த ஆண்டே இந்தக் கல்லைச் செய்தார். தென்னிந்தியாவுக்குப் பலமுறை வந்துபோனவர், மதுரைப் பக்கம் பட்டறையும் வைத்திருக்கிறார். இதெல்லாம் தெரிந்ததும் உனக்கு அபிஷேகம் நினைவுக்கு வந்ததில் தப்பில்லை.

ஆனால் அபிஷேகப் பால் நிற்குமா? அம்மன் முடியில் விழுந்து, தோளில் வழிந்து, கோமுகி வழியாக வெளியே ஓடும். நாம் கையேந்தி நிற்பது அந்த ஓட்டத்துக்குத்தானே. உன் கல்லிலோ பால் அசையாமல் கிடக்கிறது. யாருக்கும் பிரசாதமாகவில்லை. பௌர்ணமிக்கு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் என்னிடம்தான் பச்சை பாக்கெட் வாங்குகிறார்கள், காப்பி போடுகிறவர்களும் வாங்குகிறார்கள். பால் ஒன்று என்பதால் காரியம் ஒன்றாகிவிடுமா?

22 வருடமாகப் பால் பூத் வைத்திருக்கிறேன். திறந்து வைத்த பால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தூசி விழும், ஏடு படரும், நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் திரிந்துவிடும். அப்படியென்றால் யாரோ ஒருவர் தினமும் காலையில் அந்தக் கல்லில் பால் விட வேண்டும், மாலையில் எடுத்துவிட்டுக் கல்லைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் வழிந்துவிடுமே! அவர் கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்! அவரைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. காட்சிக்கூடக் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நின்று பார். பால் விடும்போது பேச்சுக் கொடுக்காதே, முடிந்த பிறகு கேள். எனக்கென்னவோ நீ தேடுவது அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

இன்னொன்று. கல்லுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த அட்டையில் 'தூய்மை, தியானம்' என்று எழுதியிருந்தது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அன்று போனில் சொன்னாய். அதை ஏன் எழுதாமல் விட்டாய்? சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர் பணிக்கரின் படத்துக்கு முன்னால் நின்று, எழுத்துப் போல இருக்கிறது, படிக்க முடியவில்லையே என்று அழப் பார்த்தவள் நீ. படிப்பதற்காக எழுதியவை அல்ல அவை என்று அப்பா சொன்ன பிறகு அரைமணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

நம் ஊர்ச் சிவன் ஆதிபுரீசுவரரை நாம் வருடமெல்லாம் கவசத்தோடுதானே பார்க்கிறோம்? கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசம் திறக்கும், புனுகுத் தைலம் சாத்துவார்கள். மற்ற நாளெல்லாம் உள்ளே இருப்பதைப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டு வருகிறோம். எட்டு வயதில் "உள்ளே என்னம்மா இருக்கு?" என்று கேட்டாய். "பொறு, கார்த்திகை வரட்டும்" என்றேன். நீயும் பொறுத்தாய். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையே எழுது. மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுது.

இந்தக் கார்த்திகைக்கு லீவு கிடைக்குமா? கடைசி நாள் கூட்டம் தாங்காது, முதல் நாளே போய்விடலாம்.

விடிவதற்குள் பால் வண்டி வந்துவிடும், படுக்கிறேன். அந்தக் கல்லைக் கழுவுகிறவர் என்ன சொன்னார் என்று எழுது.

அம்மா