பாலும் பொங்கியது, நானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் முதியோர் பக்கத்தில், 'அறுபதைத் தாண்டினால் மூளை மந்தம். ஒரு நேரத்தில் ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று அறிவுரை கொடுத்திருந்தீர்கள். மிக்க நன்றி. எழுதியவருக்கு முப்பதாவது ஆகிறதா?

33 வருடம் வங்கியில் காசாளராக இருந்தவள் நான். ஸ்பாஞ்சில் விரலை நனைத்து நோட்டுக்கட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். அறுபத்தேழாவது நோட்டில் யாராவது தலையை நீட்டி, "டிடி எங்கேம்மா எடுக்கணும்?" என்பார்கள். பதில் சொல்லிவிட்டு அறுபத்தெட்டிலிருந்து தொடர்வேன். இப்போது வயது 71. போன வாரம் அடுப்பில் பால் வைத்திருந்தேன். சிலிண்டர் கொண்டுவந்த பையன் ஓடிபி கேட்டான். கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, எண்ணைச் சொல்லி, கதவைச் சாத்தியாயிற்று. அப்புறமும் அந்த எண்தான் மண்டைக்குள் ஓடியது. தீய்ந்த வாடை வந்த பிறகே பால் ஞாபகம் வந்தது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகையை அந்தப் பக்கம் தெரியும்படி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நீங்களே குறிப்பிட்ட 2011 சான் பிரான்சிஸ்கோ ஆய்வு என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு இயற்கைக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு முகத்தைக் காட்டி, ஆணா பெண்ணா, என்ன வயது என்று கேட்டார்கள். முகத்தைக் கவனிப்பதில் பெரியவர்கள் குறை வைக்கவில்லை. அந்த முகத்தை விட்டுவிட்டுக் காட்சிக்குத் திரும்புவதில்தான் தடுமாறினார்கள். இதற்குப் பெயர் மந்தமா? குறுக்கே வந்து கேட்கிறவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

கட்டம் கட்டி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை வேறு இழுத்திருக்கிறீர்கள். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு அவதானம் செய்தபோது, அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொன்னபோது, அவருக்கு 32 வயது. சிலிண்டர் பையனும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையே பாதியில் 'தொடர்ச்சி 58-ஆம் பக்கம்' என்று நின்றது. நடுவில் நகைக்கடை விளம்பரம், ராசிபலன். என் ராசி, பேரன் ராசி எல்லாம் படித்து முடித்தபோது எதற்காகப் பக்கம் புரட்டினேன் என்பதே மறந்துவிட்டது. முதியோர் பக்கத்தையாவது தொடர்ச்சி போடாமல் ஒரே இடத்தில் அச்சிடுங்கள். குறுக்கெழுத்தை நிறுத்தியது பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதை இப்போது கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர்,
கும்பகோணம்