ஃபாரின் கீ போட்டால் இன்டெக்ஸ் தானாக வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரா வாரம் வரும் டேட்டாபேஸ் தொடரை விடாமல் படிக்கிறேன். தமிழில் இப்படி ஒன்று வருவதே பெரிய விஷயம், அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் போன வாரப் பகுதியில் இரண்டு இடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. ஒன்று, வேகம் வேண்டுமென்றால் எல்லா ஃபீல்டுக்கும் இன்டெக்ஸ் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, இரண்டு டேபிளை ஃபாரின் கீ போட்டு இணைத்துவிட்டால் அவற்றைச் சேர்த்துத் தேடுவதும் வேகமாகிவிடும் என்கிறார்கள். முதலாவது அரைகுறை, சரி, அனுபவத்தில் திருந்திவிடும். இரண்டாவது தப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், இந்த ஒரு நம்பிக்கையால் வரும் தலைவலியைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஃபாரின் கீ என்பது ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். இந்த டேபிளில் இருக்கும் பார்ட்டி எண் (பார்ட்டி என்றால் கம்பெனியோடு வியாபாரம் செய்பவர்), அந்த பார்ட்டி டேபிளில் கட்டாயம் இருக்கவேண்டும், இல்லாத எண்ணை உள்ளே விடாதே, இங்கே ஆள் இருக்கும்வரை அங்கே நீக்க விடாதே. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. இன்டெக்ஸ் வேறு சமாச்சாரம், தேடுவதை வேகமாக்க டேட்டாபேஸ் தனியாக வைத்துக்கொள்ளும் அடைவு அது. போயிங்கில் வேலை பார்த்த பேயர், மெக்ரைட் என்ற இருவர் ஏறக்குறைய அதே சமயத்தில் உருவாக்கிய பி-ட்ரீ என்ற மரம் போன்ற அடுக்குதான் இன்றைக்கும் பெரும்பாலான இன்டெக்ஸ்களுக்குள் இருக்கிறது. ஒரு பக்கத்தில் சில நூறு மதிப்புகள் அடுக்கி, அதிலிருந்து அடுத்த பக்கம், அதிலிருந்து அதற்கடுத்தது என்று போவதால், ஒரு கோடி வரிகள் உள்ள டேபிளில்கூட மூன்று நான்கு பக்கம் புரட்டினால் ஆள் கிடைத்துவிடுவார். உங்கள் கட்டுரையாளர் இதைப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவோடு ஒப்பிட்டது நல்ல உதாரணம். ஆனால் நிபந்தனை போட்டால் அடைவும் கூடவே வந்துவிடும் என்று எங்கே படித்தாரோ.

எங்கே படித்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், டேபிள்களைச் சேமிக்கும் இன்னோடிபி என்ற பகுதியில் அப்படித்தான். ஃபாரின் கீ போட்டால், அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் இல்லாவிட்டால் அதுவே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதில் பழகியவர்கள் உலகமே அப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் போடாது, ஆரக்கிளும் போடாது, எஸ்கியூஎல் சர்வரும் போடாது. எந்த டேபிளைச் சுட்டுகிறோமோ, அதாவது பார்ட்டி டேபிளில், ஒவ்வொரு வரிக்கும் அடையாளமான ப்ரைமரி கீ இருப்பதால் அந்தப் பக்கம் இன்டெக்ஸ் இருக்கும். சுட்டுகிற பக்கம் வெறுமையாகக் கிடக்கும். நாம்தான் போடவேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். இங்கே ஒரு பனியன் தைத்து முடிவதற்குள் துணி பத்து கை மாறும். நூல் நிட்டிங்குக்குப் போகும், அங்கிருந்து டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள் என்கிற தையல், செக்கிங். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான். ஒரு டிசியில் பல வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பண்டல் பண்டலாக விவரம். பார்ட்டி டேபிளில் சில ஆயிரம் வரிகள்தான் இருக்கும், பண்டல் டேபிள் சில வருடங்களிலேயே கோடியைத் தொட்டுவிடும். பண்டல் எந்த பவர்டேபிள்காரரிடம் போனது என்பதற்காக அதிலும் பார்ட்டி எண் உண்டு, ஃபாரின் கீயும் உண்டு, இன்டெக்ஸ் மட்டும் கிடையாது. இப்படி ஒரு கம்பெனியில் ஒரு நாள் அலுவலகத்தில் யாரோ, இரண்டு தடவை பதிவான பார்ட்டிகளை நீக்கிச் சுத்தம் செய்யலாம் என்று உட்காருகிறார். ஒரே ஒரு பார்ட்டியை நீக்க பத்துப் பன்னிரண்டு செகண்ட் சுற்றுகிறது. ஏன்? இந்தப் பார்ட்டியை எந்தப் பண்டலாவது சுட்டுகிறதா என்று பார்க்க டேட்டாபேஸ் கோடி வரியையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. நீக்குவது ஒரு வரி, படிப்பது ஒரு கோடி. நூறு பார்ட்டி என்றால் நூறு தடவை.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. நீக்கும் டிலீட் கட்டளைக்கு முன்னால், அதை எப்படி ஓட்டும் என்ற திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தால், போஸ்ட்கிரெஸ், எல்லாம் அழகாக இருக்கிறது, பார்ட்டி டேபிளில் இன்டெக்ஸ் ஸ்கேன் என்று காட்டும். ஃபாரின் கீ சோதனை உள்ளுக்குள் ட்ரிக்கராக, அதாவது தானாக இயங்கும் துணைக் கட்டளையாக, ஓடுவதால் அது திட்டத்தில் வராது. எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால்தான் அடியில், இந்த கன்ஸ்ட்ரெயின்டுக்கான (நிபந்தனைக்கான) ட்ரிக்கர் இவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒரு வரி வரும், மொத்த நேரமும் அங்கேதான் போயிருக்கும். ஆனால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளையை நிஜமாகவே ஓட்டிவிடும், பார்ட்டி உண்மையிலேயே நீங்கிவிடும்! பிகின் போட்டு ஆரம்பித்து, பார்த்து முடித்ததும், செய்ததை ரத்து செய்யும் ரோல்பேக் கொடுப்பதை மாணவர்கள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

நான் சொன்ன கம்பெனியில் இதற்கு என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் வந்து ஃபாரின் கீயை எடுத்துவிட்டார். உடனே வேகம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும், சோதனையே இல்லையே! ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. பல மாதம் கழித்து வருடக் கணக்கு முடிக்கும்போது, ஜாப் ஒர்க், அதாவது வெளியாட்களிடம் வேலைக்கு அனுப்பிய சரக்கு கணக்கில் இடித்தது. டிசி இருக்கிறது, துணி வெளியே போயிருக்கிறது, யாரிடம் போயிற்று என்றால் அந்தப் பார்ட்டி எண்ணில் ஆளே இல்லை. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணியும் நூலும் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். அதற்காகவே ஐடிசி-04 என்று ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆள் இல்லாத டிசியை அதில் எப்படிக் காட்டுவது? பழைய காகித டிசி புத்தகங்களை மூட்டையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா என்னிடம் பேசியதை இங்கே எழுதமுடியாது. ஒரு வரி கட்டளையில் அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் போட்டிருந்தால் வேகமும் கிடைத்திருக்கும், காவலும் இருந்திருக்கும்.

திரும்ப ஃபாரின் கீயைப் போட நினைத்தால் டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளாது, அனாதை வரிகள் உள்ளே இருக்கின்றனவே. பண்டல் டேபிளை பார்ட்டி டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து, அதாவது பண்டல் வரிகள் எதையும் விடாமல் இரண்டையும் சேர்த்து, பண்டலில் பார்ட்டி எண் இருந்தும் அந்தப் பக்கம் ஆள் வராத வரிகளை எடுத்து முதலில் சரிசெய்யவேண்டும். அதற்குள் புதுசாகக் கெட்டது சேராமல் தடுக்க போஸ்ட்கிரெஸ்ஸில் நாட் வேலிட் என்று சேர்த்து நிபந்தனையைப் போடலாம், இனி வருவதை மட்டும் சோதிக்கும். பழையதைச் சுத்தம் செய்தபின் வேலிடேட் கொடுத்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியில் பகலில் இன்டெக்ஸ் போடுவதென்றால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்கவேண்டும், இல்லையென்றால் போட்டு முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எதையும் பதிய முடியாமல் நிற்பார்கள். கன்கரன்ட்லி பாதியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதை நாம்தான் நீக்கவேண்டும்.

அப்புறம், எல்லா ஃபீல்டுக்கும் இன்டெக்ஸ் என்ற அந்த முதல் வரி. ஒவ்வொரு வரி சேரும்போதும் அத்தனை இன்டெக்ஸிலும் எழுதியாக வேண்டும். பண்டலில் ஸ்கேன் அடிக்க அடிக்க வரி சேரும் டேபிளுக்கு பத்து இன்டெக்ஸ் என்றால் செக்கிங் மேஜையில் ஸ்கேனர் பிடித்திருப்பவர் காத்திருப்பார். ஆண், பெண், குழந்தைகள் அளவு என்று மூன்றே மதிப்பு உள்ள ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் போட்டாலும் டேட்டாபேஸ் பெரும்பாலும் அதைத் தொடாது, மொத்தமாகப் படிப்பதே லாபம் என்று அதற்குத் தெரியும். பார்ட்டியும் தேதியும் சேர்ந்து தேடும் இடத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ், பார்ட்டி முதலில், தேதி அடுத்து, இது தனித்தனி இரண்டைவிடப் பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும், பார்ட்டியை மட்டும் தேடும்போதும் உதவும். தேதியை மட்டும் கேட்டால் அவ்வளவாகப் பயன்படாது. போட்ட இன்டெக்ஸ்களில் எதை யாரும் சீண்டவேயில்லை என்று போஸ்ட்கிரெஸ் எண்ணி வைத்திருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பட்டியலைப் பார்த்துக் களையெடுக்கலாம்.

உங்கள் தொடரில் எனக்குப் பிடித்தது உதாரணப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருந்தது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்ப் பெயருக்கு இன்டெக்ஸ் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பொன்னுசாமி என்ற பெயரில் வரும் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ப-வும் ஒகரக் குறியும் என இரண்டு துண்டு, அல்லது ப, எகரக் கொம்பு, கால் என மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான இன்டெக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர். ஒரே பெயர் இரண்டு தடவை வராமல் தடுக்கும் யுனீக் இன்டெக்ஸ் போட்டிருந்தும் பொன்னுசாமி இரண்டு தடவை உள்ளே வந்துவிடுவார், தேடினால் ஒருவர்தான் கிடைப்பார். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளை ஏற்றும்போது இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பதியும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, துண்டுகளைச் சேர்த்து ஒரே விதமாக எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. ஔவையாரின் ஔ-வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது, அதை ஆள் உட்கார்ந்துதான் திருத்தவேண்டும்.

வரிசையும் அப்படித்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பல இடங்களில் யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கிவிடும். அதில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், க வரிசை எல்லாம் முடிந்தபிறகு க் வரும். அகராதி பார்த்துப் பழகிய எவருக்கும் எரிச்சல் வரும். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்பு வழியாகத் தமிழ் கொலேஷன், அதாவது வரிசைப்படுத்தும் விதி, கிடைக்கிறது, பெயர் ஃபீல்டை உருவாக்கும்போதே அதைக் குறிப்பிட்டுவிட்டால் இன்டெக்ஸும் அதே வரிசையில் அமையும். பின்னால் குவெரியில் (தேடும் கட்டளையில்) மட்டும் கொலேஷனைச் சொன்னால் வரிசை சரியாக வரும், ஆனால் ஏற்கெனவே வேறு வரிசையில் இருக்கும் இன்டெக்ஸ் அதற்கு உதவாது.

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பைத்தானோடு எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸைத் தொடுகிறார்கள், உங்கள் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அவர்களாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ எழுதினால் அமைதியாக வாங்கிக்கொள்ளும், 2009இல் வந்த 3.6.19 பதிப்பிலிருந்து அதைச் சோதிக்கவும் தெரியும், ஆனால் வழக்கமாகச் சோதனை அணைக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு இணைப்பைத் திறக்கும்போதும் ப்ராக்மா ஃபாரின் கீஸ் ஆன் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் ஒரு பையன், இல்லாத துறை எண்ணில் மாணவரைச் சேர்த்துப் பார்த்து அது உள்ளே போய்விட்டதைக் கண்டால், ஃபாரின் கீயே சும்மா அலங்காரம் என்று முடிவுகட்டிவிடுவான். பழைய மைஎஸ்கியூஎல்லில் மைஐசாம் என்ற வகை டேபிள்களும் இதையேதான் செய்தன, எழுதியதைப் படித்துவிட்டு மதிக்காமல் விட்டுவிடும். அந்தக் காலத்தில் பழகியவர்கள் இன்றைக்கும் புரோகிராமிலேயே சோதித்துக்கொள்ளலாம், டேட்டாபேஸில் எதற்கு என்கிறார்கள். ஒரே புரோகிராம் மட்டும் அந்த டேட்டாபேஸைத் தொட்டால் சரி, பேசலாம். எக்செல்லிலிருந்து ஏற்றுபவர், மொபைல் ஆப், நடுராத்திரி நேரடியாக உள்ளே புகுந்து கட்டளை தட்டும் என்னைப் போன்றவன், இத்தனை பேர் தொடும் இடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

அடுத்த வாரம் ஜாயின் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். மாணவர், துறை என்ற அதே இரண்டு டேபிள்தான் உதாரணமாக வரும் என்று நினைக்கிறேன். மாணவர் டேபிளில் துறை எண்ணுக்கு இன்டெக்ஸ் போடும் வரியையும், எஸ்கியூலைட்டில் சோதனையை இயக்கும் வரியையும் சேர்த்து அச்சிடுங்கள், பிள்ளைகள் அப்படியே தட்டிப் பார்ப்பார்கள். இடம் போதவில்லையென்றால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம், போன வாரம் நீல விளக்கு எரியும் சர்வர் அறைப் படம் மட்டும் கால் பக்கம் இருந்தது.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் வேலை பார்க்கும் ஒரு வாசகர்,
திருப்பூர்