மீட்கப்பட்டவர் முன் மைக் நீட்டும் செய்தி ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

காட்டில் தொலைந்த ஒருவர் உயிரோடு கிடைத்துவிட்டால், ஆம்புலன்ஸ் கதவருகே முதலில் நிற்பவர் உங்கள் செய்தியாளர்தான். ஸ்ட்ரெச்சர் இறங்குவதற்குள் கேள்வி பாய்கிறது: "அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?" இரவுச் செய்தியில் "மன உறுதியால் மரணத்தை வென்றவர்" என்று எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்தோடுதான் எனக்கு வழக்கு.

1971 டிசம்பர் 24 அன்று, லிமாவிலிருந்து புகல்பாவுக்குப் பறந்த விமானம் மின்னல் தாக்கி, பெரு நாட்டின் மழைக்காட்டு வானில் சிதறியது. 91 பேர் மாண்டார்கள். 17 வயது ஜூலியானே கோப்கே மட்டும் இருக்கையோடு பிணைந்தபடி சுமார் மூன்று கிலோமீட்டர் விழுந்து பிழைத்தார். காலில் ஒற்றைச் செருப்பு, கையில் கொஞ்சம் மிட்டாய், புண்ணில் புழு. நீரோட்டத்தைத் தொடர்ந்தால் மனிதர்களை அடையலாம் என்ற தந்தையின் பாடத்தை நம்பி நடந்து, 11 நாட்களில் மரம் வெட்டுவோர் கண்ணில் பட்டார். பத்திரிகைகளுக்கு இது போதுமானதாக இருந்தது.

வழியில், மண்ணில் தலைகீழாகப் புதைந்த இருக்கைகளில் பிணங்களைக் கண்டார். அதிலிருந்த பெண், அதே விமானத்தில் உடன் வந்த தன் தாயாக இருக்குமோ என்ற அச்சம். கால் நகங்களில் பூச்சு இருந்தது. அம்மா நகப்பூச்சு இடுவதில்லை. நிம்மதி வந்தது, உடனே, அப்படி நிம்மதி அடைந்ததற்காக வெட்கமும் வந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவரே சொன்னார். தாயும் விழுந்த பிறகு சில நாட்கள் உயிரோடு இருந்து இறந்ததாகப் பின்னர்தான் அறிந்தார். நான் மட்டும் ஏன் என்ற கேள்வி அவரை விட்டு அகலவே இல்லை. ஆம்புலன்ஸ் வாசலில் மைக்கை நீட்டி இதையா வாங்கிவிடுவீர்கள்?

1981இல் பொலிவியக் காட்டில் தனியே சிக்கிய இஸ்ரேலியப் பயணி யோசி கின்ஸ்பெர்க், தன்னோடு ஒரு பெண் இருப்பதாகவே உணர்ந்தார். பேச்சுத்துணை அற்றுப்போன மனம் தனக்கொரு துணையைத் தானே படைத்துக்கொள்கிறது. நம் ஊரில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், மறுநாளே நீங்கள் அதைத் தெய்வ அதிசயம் ஆக்கியிருப்பீர்கள், அல்லது பேய்க்கதை. (இரண்டுக்கும் பார்வையாளர் கூட்டம் உண்டு என்பது எனக்கும் தெரியும்.)

'மன உறுதி' என்று நீங்கள் பட்டம் கட்டிவிட்ட பிறகு, இரவில் அலறி எழுவதை மீண்டு வந்தவர் யாரிடம் சொல்வார்? வீட்டாரே "அதான் வந்துவிட்டாயே" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. முதல் சில வாரங்களுக்கு மருத்துவரும் மீட்புக் குழுவும் சொல்வதை மட்டும் வெளியிடுங்கள். மருத்துவமனைப் படுக்கையைப் படமெடுக்காதீர்கள். உடல் தேறியதா என்று கேட்கும் உங்கள் செய்தியாளர், மனநல மருத்துவர் பார்த்தாரா என்றும் அதிகாரிகளிடம் கேட்கட்டும். அது நல்ல செய்திக்கேள்வி. ஓராண்டு கழித்து, அவர் சம்மதித்தால், போய்ப் பேசுங்கள். முதல்முறை கேமரா இல்லாமல் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்