உமி நிறம் மாறிய நெல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதை விடு.

ஒடிசாவில் இருக்கும் உன் மருமகனின் சந்தேகத்துக்கு வருகிறேன். ஸ்வர்ணா நெல்லின் உமி பொன்னிறம்; வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா சப்-1 மட்டும் ஏன் வைக்கோல் நிறம், விதையில் கலப்படமா என்கிறார். கலப்படமில்லை. நாம் பி.எஸ்சி.யில் மனப்பாடம் செய்த பிணைப்புதான், அதாவது ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்கள் சேர்ந்தே சந்ததிக்குப் போவதுதான் காரணம்.

ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற நெல், இரண்டு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்தத் திறனைத் தரும் சப்-1 மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. உமியின் பொன்னிறத்தை அடக்கும் மரபணுவும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நிகழ்ந்தால்தான் அவை பிரியும். இடைவெளி சிறிதென்றால் அது அபூர்வம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சப்-1 உள்ள நெல்லை ஸ்வர்ணாவோடு திரும்பத் திரும்பக் கலந்து, டி.என்.ஏ. குறிகளைப் பார்த்து, சப்-1க்கு இருபுறமும் தேவையற்றதைக் கழித்தார்கள். அப்படியும் அடுத்த வீட்டுக்காரர் கூடவே வந்துவிட்டார். எனக்கு இது குறையாகவே படவில்லை. அரைத்தால் உமி போகிறது. அதுவரை எது எந்த நெல் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்!

இந்தப் பிணைப்பை இனிப்புப் பட்டாணிப் பூக்களில் பார்த்தவர்கள் பேட்சன், பன்னெட் முதலிய ஆங்கிலேய விஞ்ஞானிகள். ஊதா நிறப் பூவும் நீள மகரந்தமும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. காரணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பழ ஈக்களை வளர்த்த அமெரிக்க விஞ்ஞானி மார்கன்தான், அவை ஒரே குரோமோசோமில் இருப்பதே காரணம் என்று காட்டினார். 1911இல் அவருடைய மாணவர் ஸ்டர்ட்டிவன்டுக்கு வயது பத்தொன்பது. அடிக்கடி பிரிபவை தொலைவில் இருக்கின்றன, அரிதாகப் பிரிபவை அருகில் இருக்கின்றன என்று கணக்கிட்டு, கல்லூரிப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஒரே இரவில் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். அந்த வயதில் நாம் அந்தக் கணக்கைப் பார்த்து எழுதினோம்!

நூறு சந்ததியில் ஒன்றில் இரண்டு மரபணுக்கள் பிரிந்தால், அவற்றின் இடைவெளி ஒரு சென்டிமார்கன். வரைபடத்தில் அளவு அதுதான், குரோமோசோமை யாரும் அளவுகோல் வைத்து அளக்கவில்லை.

மருமகனிடம் ஒன்று சொல். மூட்டை முழுக்க வைக்கோல் நிறமாக இருந்தால் உமி நிறத்தை வைத்துக் கவலைப்பட வேண்டாம். பொன்னிறமும் வைக்கோல் நிறமும் ஒரே மூட்டையில் கிடந்தால் விதைக் கடைக்காரரைக் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்