கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள்: கிராண்ட் ஸ்லாம் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்போர்ன், பாரிஸ், லண்டன், நியூயார்க் ஆகிய நான்கு ஊர்களிலும் டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களை நடத்தும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

லண்டன்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் உங்கள் மேல் எனக்குப் புகார் இல்லை (மற்ற விஷயங்களை இன்னொரு நாள் பேசுவோம்). மீதி மூன்று பேரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் கேட்பது இதுதான். இரவு 11 மணிக்கு மேல் எந்த ஆட்டத்தையும் தொடங்காதீர்கள். முன்பே தொடங்கிவிட்ட ஆட்டமாக இருந்தாலும் 1 மணிக்கு மேல் புது செட்டுக்குப் (ஆட்டத்தின் ஒரு பகுதி; ஆண்கள் ஐந்தில் மூன்று, பெண்கள் மூன்றில் இரண்டு செட் ஜெயிக்க வேண்டும்) போகாதீர்கள், மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008-ல் மெல்போர்னில் ஹெவிட்டும் பக்தாதிஸும் விடிகாலை 4.34-க்கு ஆட்டத்தை முடித்தபோது அதை ஏதோ அதிசயம் போலக் கொண்டாடினோம், நானும் கைதட்டியவன்தான். என்றோ ஒருநாள் நடந்தால் அது அதிசயம். ஆண்டுதோறும் நடந்தால் அதற்குப் பெயர் நிர்வாகக் கோளாறு. 2022 அமெரிக்க ஓபனில் அல்காரஸ்–சின்னர் காலிறுதி 2.50-க்கு முடிந்தது, 2023 ஆஸ்திரேலிய ஓபனில் முர்ரே–கொக்கினாகிஸ் 4.05, அடுத்த ஆண்டு அதே மெல்போர்னில் மெத்வதேவ்–ருசுவூரி 3.39, அதே 2024-ல் பாரிஸில் ஜோகோவிச்–முசெட்டி 3.07, அப்புறம் நியூயார்க்கில் ஜெங் கின்வென்–டோனா வெகிச் 2.15. கடைசியாகச் சொன்ன இருவரும் ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் மோதியவர்கள். அவர்களை மறுபடி நேருக்கு நேர் நிறுத்தும் வாய்ப்பு கிடைத்தது. அதை 11 மணிக்கு மேல் தொடங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆட வைத்தீர்கள்.

என்னைப் பொறுமை இழக்க வைத்தது அந்த ஜோகோவிச்–முசெட்டி ஆட்டம். மழையால் அந்த வாரமே குளறுபடி, அது உங்கள் தவறில்லை. ஆனால் 8.15-க்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்துக்கு முன்னால், மழையில் நின்றுபோன திமித்ரோவ்–பெர்க்ஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்து அதே கோர்ட்டில் செருகியது மழை இல்லையே. பத்தரை மணிக்கு மேல் உள்ளே வந்த இருவரும் ஐந்து செட், நாலரை மணி நேரம் ஆடினார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் முசெட்டி எடுத்தபோது ஆட்டம் அற்புதமாக இருந்தது, ஐந்தாவது செட் ஜோகோவிச்சுக்கு 6-0. அந்த 6-0-ஐ டென்னிஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இருவரில் யார் கால் முதலில் ஓய்கிறது என்ற சோதனை அது. அடுத்த சுற்றில் ஜோகோவிச்சுக்கு செருண்டோலோவுடன் மறுபடி ஐந்து செட், நடுவில் முழங்காலில் அடி, காலிறுதிக்கு முன்பே விலகல், அறுவைசிகிச்சை. இரவு கண் விழித்ததால்தான் முழங்கால் போனது என்று நான் சொல்ல வரவில்லை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம், அவரே வழுக்கும் தரையைத்தான் குறை சொன்னார். ஆனால் 37 வயதுக்காரரை விடிகாலை மூன்று மணி வரை ஓடவிட்ட நீங்கள் அந்தச் சந்தேகமே எழாதபடி நடந்திருக்க வேண்டாமா?

மூன்று மணிக்குக் கடைசிப் பந்து விழுந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் படுப்பது நாம்தான். ஆடியவருக்கு அதற்கு மேல்தான் இருக்கிறது வேலை. சூட்டைத் தணிக்க மெதுவாக சைக்கிள் மிதிக்க வேண்டும், ஐஸ் தண்ணீரில் உட்கார வேண்டும், இறுகிப்போன காலைப் பிசைந்துவிட ஆள் காத்திருப்பார். சாப்பிட வேண்டும், அந்த நேரத்தில் வயிறு வாங்கிக்கொள்கிறதோ இல்லையோ. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, களைப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். ஊக்கமருந்து சோதனைக்குப் பெயர் வந்திருந்தால் இன்னும் மோசம்: நாலைந்து மணி நேரம் வியர்த்து வடிந்து உடம்பில் சொட்டு நீர் மிச்சமில்லாதவர், சிறுநீர் வரும் வரை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்திலேயே சோதனை அதிகாரி. எல்லாம் முடிந்து ஓட்டலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்தால் வெளியே விடிந்துவிட்டிருக்கும், படுத்தாலும் உடம்பு உடனே அடங்காது. அடுத்த சுற்றில் அவரை எதிர்கொள்ளப் போகிறவரோ முந்தைய நாள் மத்தியானமே ஆட்டத்தை முடித்து எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவராக இருக்கலாம். ஸ்கோர் போர்டில் இதெல்லாம் தெரியாது.

இது உங்கள் நான்கு போட்டிகளில் மட்டும் நடப்பதல்ல, ஒத்துக்கொள்கிறேன். 2022-ல் மெக்சிகோவின் அகபுல்கோவில் ஸ்வெரேவ்–புரூக்ஸ்பி 4.55 வரை போனது. 2023 பாரிஸ் மாஸ்டர்ஸில் சின்னர் 2.37-க்கு ஜெயித்தார், அன்று மாலை 5 மணிக்கே அடுத்த ஆட்டம் என்றார்கள், அவர் விலகிக்கொண்டார், வேறென்ன செய்வார்? ஆனால் அந்த அவமானத்துக்குப் பிறகு ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபியும் பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏவும் சேர்ந்து 2024 தொடக்கத்தில் விதி கொண்டுவந்தன: 11 மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கக் கூடாது, பத்தரைக்குள் தொடங்காத ஆட்டம் வேறு கோர்ட்டுக்குப் போக வேண்டும். கிராண்ட் ஸ்லாம்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. டென்னிஸிலேயே அதிகப் பணமும் அதிக கோர்ட்டும் உள்ள நீங்கள்தான் அதற்கு வெளியே நிற்கிறீர்கள்.

அந்த 11 மணி விதியும் தனியாகப் போதாது, அதனால்தான் இரண்டாவது பாதியையும் சேர்த்துக் கேட்கிறேன். முர்ரே–கொக்கினாகிஸ் பத்தே கால் வாக்கில் தொடங்கியது, ஜோகோவிச்–முசெட்டியும் 11-க்கு முன்பே தொடங்கியதுதான். விதிப்படி இரண்டுமே சரி. முதலாவது 5 மணி 45 நிமிடம் ஓடியது. விடிகாலை மூன்று மணி வாக்கில் முர்ரே கழிப்பறைக்குப் போகக் கேட்டார், அவருக்கான இடைவேளையை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் விதி இடம் தரவில்லை. இரண்டு செட் பின்தங்கி, இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு எழுந்து வந்த மனிதர், முன்னாள் நம்பர் ஒன், அந்த நேரத்தில் நடுவரிடம் இதற்காக வாதாடிக்கொண்டு நிற்கிறார். பார்த்த எனக்கே கூசியது. ஆட்டம் முடிந்ததும் அவர் தன்னைப் பற்றிப் பேசியதைவிட பந்து பொறுக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதுதான் மனதில் நிற்கிறது, தன் பிள்ளை இப்படிக் காலை ஐந்து மணிக்கு வீடு திரும்பினால் பெற்றவனாகக் கொதித்திருப்பேன் என்றார். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் லைன் அம்பயர்களை எடுத்துவிட்டு மெஷினை வைத்திருக்கிறீர்கள் (பாரிஸ் மட்டும் இன்னும் மனிதர்களை நம்புகிறது, அதற்கு நன்றி), மெஷினுக்குத் தூக்கம் வராது. பந்து பொறுக்கும் பிள்ளைகளுக்கு வரும்.

வேடிக்கை என்னவென்றால், வீரர் சர்வ் போட 25 விநாடி தாண்டினால் உங்கள் கண்ணில் உடனே படுகிறது, எச்சரிக்கை வருகிறது. அதே கோர்ட்டின் மூலையில் ஸ்பான்சர் கொடுத்த பெரிய கடிகாரம் மூன்று மணி காட்டிக்கொண்டு நிற்கிறது, அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

2024-ல் ஆஸ்திரேலிய ஓபனை ஒருநாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமையே தொடங்கினீர்கள், பின்னிரவு ஆட்டங்களைக் குறைக்கத்தான் என்றீர்கள். டிக்கெட் விற்க ஒருநாள் கூடியது. மெத்வதேவ் ஆட்டம் 3.39-க்கு முடிந்ததும் அந்த ஆண்டுதான், மிச்சமிருந்த கூட்டத்தைப் பார்த்து, நான் ரசிகனாக இருந்தால் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பேன் என்று அவரே சொன்னார். அதே நாளில்தான் பிளின்கோவா ரிபாகினாவை 22-20 என்ற டை பிரேக்கில் (சமநிலையான செட்டை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டம்) ஜெயித்தார். ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் டென்னிஸின் ருசியே. அதனால் நாளைக் கூட்டிப் பயனில்லை, நேரத்துக்கு எல்லை வையுங்கள்.

பாரிஸ்காரர்களே, உங்களிடம் இன்னொன்று. இரவு அமர்வில் பெண்கள் ஆட்டத்துக்கு ஏன் இடமில்லை? 2023-ல் சபலென்கா–ஸ்டீவன்ஸ் என்று ஒன்றைப் போட்டீர்கள், 2024-ல் ஒன்றுகூட இல்லை, 2025-லும் இல்லை. இரண்டு செட்டில் சட்டென்று முடிந்தால் டிக்கெட் வாங்கியவர் ஏமாந்துபோவார் என்பது உங்கள் கவலை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தால் ஏமாற்றம், கடைசி மெட்ரோவும் போன பிறகு மூன்று மணிக்குத் தெருவில் விட்டால் திருப்தி, அப்படித்தானே? இதற்குத் தனிக் கடிதமே எழுதலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நடுவில் நிறுத்தினால் ஆட்டத்தின் வேகம் போய்விடும் என்பீர்கள். போகும்தான். லண்டனில் நடக்கும் விம்பிள்டனில் 11 மணிக்கு மேல் ஆடக் கூடாது என்று உள்ளூர் கவுன்சிலோடு ஏற்பாடு, 2018-ல் ஜோகோவிச்–நடால் அரையிறுதியை அப்படித்தான் பாதியில் நிறுத்தினார்கள். மறுநாள் வந்து ஐந்தாவது செட்டை 10-8 வரை கொண்டுபோனார்கள், இன்றைக்கும் அதைப் பேசுகிறோம். 2023-ல் இதே முர்ரே சிட்சிபாஸிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தபோது ஆட்டம் நின்றது, மறுநாள் தோற்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் யாரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அந்த நேரக்கட்டுப்பாடு இருவருக்கும் முன்பே தெரியும்.

அல்காரஸ்–சின்னர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். சின்னருக்கு மேட்ச் பாயின்ட் வரை, அதாவது இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை வரை போன ஆட்டம், அதை நடுப்பகலில் முழு அரங்கமும் பார்த்திருக்கலாம்.

ஆகவே மறுபடி கேட்டுக்கொள்கிறேன்: 11-க்கு மேல் ஆட்டம் தொடங்க வேண்டாம், 1 மணிக்கு மேல் புது செட் வேண்டாம். நான்கு பேரில் முதலில் வருவது மெல்போர்ன் என்பதால் முதல் வேண்டுகோள் அவர்களுக்கு. அடுத்த ஜனவரிக்கான டிக்கெட்டை விற்கும் முன்பே இதை விதியாக எழுதி வெளியிடுங்கள், இரவு அமர்வு டிக்கெட் வாங்குகிறவர் தன் ஆட்டம் மறுநாளுக்குப் போகலாம் என்று தெரிந்தே வாங்கட்டும், அப்படிப் போனால் அதே டிக்கெட்டில் மறுநாள் உள்ளே விடுங்கள். பாரிஸும் நியூயார்க்கும் பின்னாலேயே வந்தால் சந்தோஷம்.

நன்றியுடன்,
தூக்கம் கெட்ட ஒரு டென்னிஸ் ரசிகன்