பிள்ளைங்க இலக்கை பிள்ளைங்களே வெக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அக்டோபர் 30 உலக சிக்கன நாள் வருது, ஸ்கூல்ல சேமிப்பு பத்தி கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டினு வெப்பாங்க. அத பத்தி ஒரு அம்மாவா கொஞ்சம் சொல்லணும்னு தோணுச்சு.

என் பொண்ணு ஆறாவது படிக்கிறப்போ நல்ல ஷட்டில் பேட் வேணும்னு கேட்டா, விலை 2,600 ரூபா. வாங்கித் தர முடியாதுனு இல்ல, ஆனா நீயே சேத்து வாங்கிக்கோனு சொன்னேன். 10 வயசு முடிஞ்ச பிள்ளைங்க போஸ்ட் ஆபீஸ்ல தன் பேர்லயே சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம், அவங்களே கையெழுத்து போட்டு பணம் போடலாம் எடுக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியல. தீபாவளிக்கு தாத்தா குடுத்த 500 ரூபாய வெச்சு ஆரம்பிச்சா. வீட்டுக்கு வந்து பாஸ்புக்க பாத்துட்டு, அம்மா, கணக்குல எப்பவும் 500 இருக்கணுமாமே, அப்போ நான் 3,100 சேக்கணும்ல அப்படினு அவளே கணக்க மாத்திப் போட்டா. காலண்டர் தாளுக்குப் பின்னாடி மாசம் எவ்வளவுனு எழுதி, ஜூன்ல முடியும்னு தேதியும் போட்டு பீரோல ஒட்டிட்டா.

மாசில இங்க கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துச்சு. போஸ்ட் ஆபீஸ்ல போட வெச்சிருந்த 400 ரூபாயும் ராட்டினம், வளையல், பஞ்சு மிட்டாய்னு போயிடுச்சு. ராத்திரி அழுதுட்டே படுத்தா. இவரு மனசு கேக்காம மிச்சத்த நானே போட்டுடுறேன்னு சொன்னாரு, நான்தான் வேணாம்னு தடுத்தேன், எனக்கும் அன்னிக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. திட்டவும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு அவளே அந்தத் தாள்ல ஜூன அடிச்சிட்டு ஆகஸ்ட்னு எழுதுனா. எனக்கு பேட்ட விட அந்த அடிச்சு எழுதுனதுதான் பெருசு, ஏன்னா தவறிப் போனா விட்டுடக் கூடாது, தேதிய மாத்தி திரும்ப ஆரம்பிக்கலாம்னு அத யாரும் அவளுக்கு சொல்லித் தரல. ஆகஸ்ட்ல வாங்கிட்டா.

நாம பிள்ளைங்கள பாத்தாலே பெருசாகி என்ன ஆகப் போறேனுதான் கேக்குறோம். டாக்டர், கலெக்டர்னு நமக்குப் பிடிச்ச பதிலச் சொல்லிடுதுங்க, ஆனா அதுக்கு இந்த வாரம் என்ன செய்யணும்னு ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மார்க் டார்கெட்டும் நம்ம டார்கெட்தான், அதுங்களோடது இல்ல. அஞ்சாறு மாசத்துல முடியுற மாதிரி, எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு அதுங்களே எண்ணிப் பாக்குற மாதிரி ஒண்ணு வேணும். காசா இருக்கணும்னு கூட இல்ல, நீச்சல் கத்துக்குறது, 16ஆம் வாய்ப்பாடு வரைக்கும் பாக்காம சொல்றது, எதுவா இருந்தாலும் சரி, அத பிள்ளைதான் சொல்லணும்.

நாங்க படிக்கிறப்போ ஸ்கூல்ல சஞ்சாயிகானு சேமிப்புத் திட்டம் இருந்துச்சு, டீச்சர்கிட்ட அஞ்சு பத்து குடுத்து எழுதி வாங்குவோம். அந்த மாதிரி இந்த அக்டோபர் 30க்கு கட்டுரையோட நிறுத்தாம, ஒவ்வொரு பிள்ளையும் தன் இலக்கு ஒண்ண எழுதட்டும், பக்கத்து போஸ்ட் ஆபீஸ்காரங்கள ஸ்கூலுக்கே கூப்பிட்டு கணக்கு ஆரம்பிச்சுக் குடுக்கட்டும். உங்க பத்திரிகைலயும் அந்தப் பிள்ளைங்க எழுதுறதுக்கு ஒரு சின்ன இடம் குடுங்க சார், முடிச்சவங்க மட்டும் இல்ல, பாதில நின்னு தேதி மாத்துனவங்களும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்